முகத்துக்கு நேரே

"கதவைக் கழட்டிடுங்க," என்றாள் குடைக்காரி.

மோட்டார் ரிப்பேர் கடைக்குள் இருந்த அத்தனை பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். கடைக் கதவைச் சொல்லியிருந்தால் யாருக்கு என்ன கவலை? அவள் சொன்னது கோல்கீப்பரை. பத்து வருஷமாக ஊர் ஹாக்கி அணியின் கோலைக் காத்து நிற்பவன்; அவனைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் ரசிகர்கள் வைத்த பெயர் 'கதவு'.

கடைக்காரர் கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்தார். ரசிகர் மன்றத் தலைவர் அவர்தான். கதவு என்றால் அவருக்கு உயிர்.

"என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"அடுத்த சீசனுக்கு அவரு வேணாம்னு சொன்னேன்."

சீசன் முடிந்ததும் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று மன்றம் கூடிப் பேசி முடிவு சொல்லும். கேலரியை நிரப்புகிறவர்கள் இவர்கள் என்பதால் கிளப் அந்தப் பேச்சைத் தட்டுவதில்லை. அதுவரை சுமுகமாகப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தில்தான் இவள் இப்படி வெடியைக் கொளுத்திப் போட்டாள்.

"எத்தனை பெனால்டி கார்னரைத் தடுத்திருக்கான் தெரியுமா? உங்களுக்கு எப்படித் தெரியும்! பெனால்டி கார்னர்னாலே குடையை விரிச்சு மூஞ்சிக்கு நேரா வச்சுக்கிற ஆளாச்சே நீங்க!"

கடையே குலுங்கச் சிரித்தது. பொய்யில்லை. இந்த சீசனில்தான் மன்றத்தில் சேர்ந்தாள். ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. ஆனால் கோலைப் பார்த்துப் பந்து பாயும் நேரம் பார்த்துத்தான் அந்தப் பச்சைக் குடைக்குள் ஒளிந்துகொள்வாள். பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. குடைக்காரி என்றே நிலைத்துவிட்டது.

அவள் சிரிக்கவில்லை. "கடைசி மேட்ச்சுல பந்து ஹெல்மெட்ல பட்டுச்சே..."

"பட்டா என்ன? எழுந்து நின்னான்ல? கேலரியே கை தட்டுச்சு!"

"எழுந்து நின்னாரு. எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியாம நின்னாரு. அன்னிக்கு ராத்திரி முழுக்க வாந்தி. தலையில இது முதல் அடி இல்லண்ணே. இன்னொண்ணு பட்டா..."

"வாந்தி எடுத்தான்னு யாரு சொன்னா?"

"தெரியும்."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. ஆஹா, சங்கதி இப்போதல்லவா விளங்குகிறது! ரிசர்வ் கீப்பராக ஒரு பொடியன் பெஞ்சில் உட்கார்ந்து வாய்ப்புக்காகத் தவம் கிடக்கிறான். அவன் ஆட்கள் கிளப்பிவிட்ட புரளி இது.

"நேரா கேக்குறேன். நீங்க அந்தப் பொடியனுக்குச் சொந்தம்தானே?"

"இல்லண்ணே."

"அப்புறம் எதுக்கு இந்த வேலை? ஆட்டத்தை விட்டா அவனுக்கு வேற பொழைப்பு தெரியாதும்மா. அவன் பொண்டாட்டி, பிள்ளைங்க சோத்துல மண்ணள்ளிப் போடுறீங்களே, மனசு உறுத்தல?"

குடைக்காரியின் கண்கள் கலங்கிவிட்டன. "உறுத்தாம இருக்குமா?" என்றாள். ஆனாலும் கையைத் தூக்கினாள்.

மூலையில் இருந்த பேக்கரிக்காரரும் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"அடப்பாவி, நீயுமாய்யா?"

"அன்னிக்கு நானும் பார்த்தேன் தலைவரே. கோல் கம்பத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நின்னான். நாம கை தட்டுறதுக்காக ஒருத்தன் சாகணுமா?"

அவ்வளவுதான். ஒவ்வொருத்தராகக் கை தூக்க ஆரம்பித்தார்கள். கடைக்காரருக்குத் தலையே சுற்றியது. எண்ணிப் பார்க்க வேண்டியதே இல்லை; அவர் பக்கம் ஆள் குறைவு.

ஆனால் அவர் லேசில் விடுகிறவரா? கடைசி ஆயுதத்தை எடுத்தார். யாரை வேண்டாம் என்கிறார்களோ, அவன் முகத்துக்கு நேரே போய் அதைச் சொல்லவும் வேண்டும். சொல்ல ஆள் இல்லையென்றால் தீர்மானம் செல்லாது. வாய்க்கு வந்தபடி ஆளைக் கழித்துக் கட்டக் கூடாது என்று அவரே கொண்டுவந்த விதி. அதைக் கேட்டுப் பின்வாங்கியவர்கள் ஏகப்பட்ட பேர்.

"ரொம்ப சந்தோஷம். கதவு முன்னாடி நின்னு, 'நீ வேணாம், கிளம்பு'ன்னு சொல்லப்போறது யாரு?"

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பேக்கரிக்காரர் ஏதோ தொலைத்தவர் போலத் தரையைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்து அப்படி ஒரு சொல் சொல்ல யாருக்கு மனசு வரும்?

கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப கதவு நம்மகூடத்தான் இருக்கான். அடுத்த ஆளைப் பத்திப் பேசுவோமா?"

"நான் சொல்றேன்."

குடைக்காரி எழுந்துவிட்டாள்.

"நீங்களா? அவன் கோபம் தெரியுமாம்மா? ராசி இல்லைன்னு சொந்த வீட்டு ஆளுங்களையே மைதானத்துப் பக்கம் விடாதவன். உங்களைப் பேச விடுவானா? எந்த தைரியத்துல சொல்லப்போறீங்க?"

அவள் பச்சைக் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முதல்முறையாக அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"என் புருஷன்கிட்ட நான் சொல்லாம வேற யாருண்ணே சொல்றது?"