மாத்தறையார் வீட்டடியா, விதானையார் கிணத்தடியா?

2024 ஓகஸ்ட் 14, புதன்கிழமை முற்பகல், சரவணையில் பிரதான வீதியோரத்திலுள்ள பேருந்துத் தரிப்பிடம் ஒன்றின் பெயர் தொடர்பாக இருவர் சண்டை பிடித்தார்கள்.

"மாத்தறையார் வீட்டடி. இதுதான் பேர். எழுதும் தம்பி," என்றார் சிவபாதம். எழுபதைத் தாண்டியவர். முழங்காலில் துணி சுற்றி, ஊன்றுகோலில் சாய்ந்து நின்றார்.

"விதானையார் கிணத்தடி," என்றார் வீதியின் மற்றக் கரையில் குடையோடு நின்ற மீனலோசனி. "வேறை ஏதும் எழுதினால் நான் கோட்டுக்குப் போவன்."

இருவருக்கும் நடுவில் கோபிசங்கர் நின்றார். நகரத்துப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்த உத்தியோகத்தர். ஊர்காவற்றுறைப் பாதைக்குப் 'பச்சைத் தடம்' என்று புதிதாகப் பெயர் வைத்தாயிற்று. பேருந்துகளுக்குப் பச்சைப் பட்டை அடித்து, அடிக்கடி விடப் போகிறார்கள். வேகம் வேண்டும் என்பதால் தரிப்பிடங்கள் பாதியாகக் குறைகின்றன.

"ஐயா, அம்மா, ரெண்டு பேரும் கேளுங்கோ. இதுக்குப் பேரே வைக்கேல்லை. இந்தத் தரிப்பிடத்தை எடுக்கிறம். இனிச் சந்தியிலை போய்த்தான் பஸ் ஏறோணும்."

சந்தி, ஒரு மரமும் இல்லாத வயல்வெளிக்கு அப்பால் இருந்தது. இங்கே ஏறி இறங்குவோரில் அநேகர் ஆசுபத்திரிக் கிளினிக்குக்குப் போகும் வயதானவர்கள். போன மாதம் அவர்களில் சிலர் அலுவலகத்துக்கே போய், இதை எடுக்க வேண்டாம் என்று கேட்டார்கள். மேலிடத்து முடிவு என்று யாரோ சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அலுவலக வாகனச் சாரதி றொபேட், தரிப்பிடக் கம்பத்தைக் கிளப்ப இரும்பு அலவாங்கோடு போனார்.

"எடுக்கிறதெண்டால் எடும்," என்றார் சிவபாதம். "எடுக்க முன்னம் இது மாத்தறையார் விட்ட காணி எண்டு பதிஞ்சுபோட்டு எடும். எங்கடை அப்பர் மாத்தறையிலை கடை வைச்சிருந்தவர். ஊர்ச்சனம் வெயிலுக்கை நிக்குதெண்டு இந்தத் துண்டை விட்டவர்."

"ஆர், மாத்தறையாரோ?" மீனலோசனி சிரித்தார். "வாசலுக்கு வந்தவைக்கு ஒரு தேத்தண்ணி குடுத்தறியாத ஆள், காணி விட்டவராம். காணி விட்டது ஊருக்குத் தலைவரா, விதானையா இருந்த எங்கடை அப்பர். கிணறும் வெட்டி விட்டவர்."

"உந்தக் கிணத்துத் தண்ணியை மாடும் மணந்து பாத்திட்டுத் திரும்பிப் போகும். உதுக்கொரு பேரும் வேணுமாம்."

"எங்கடை அப்பரைப் பற்றிக் கதையாதையுங்கோ!"

"கதைப்பன். விதானை வேலை பாத்த காலத்திலை ஊரின்ரை வேலியளை எல்லாம் ஆர் தள்ளிப் போட்டதெண்டு கேளும்."

ஊன்றுகோல் அந்தரத்தில் ஆடியது. றொபேட் ஓரடி பின்வாங்கினார்.

"பாத்தீரே தம்பி," மீனலோசனி கோபிசங்கரிடம் திரும்பினார். "காலமை போடுற மருந்துக் குளிசையையும் போடாமல் வந்து நிண்டு கத்துது, இந்த மனுசன்."

றொபேட்டுக்குச் சிரிப்பு வந்தது. கோபிசங்கருக்கு வரவில்லை. காலையிலிருந்து அவர் ஒரு தேநீர்கூடக் குடிக்கவில்லை. வாகனத்துக்குள் இன்னும் நடப்படாத பச்சைப் பலகைகள் கிடந்தன.

"ஐயா, இல்லாமல் போற இடத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை?"

"தம்பி எந்த ஊர்?"

"காரைநகர்."

"காரைநகர் ஆள் கேக்கிற கேள்வியே இது?"

 கோபிசங்கரின் ஊரில், கோயில் தேரின் வடத்தை முதலில் எந்தப் பகுதியார் தொடுவது என்று ஒரு வழக்கு நடக்கிறது. அவர் கலியாணம் கட்டுவதற்கு முன்பு தொடங்கியது. இப்போது அவருடைய மூத்த மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தேர் இன்னும் கொட்டகைக்குள் நிற்கிறது.

"நான் நாளைக்கே லோயரைப் பிடிக்கிறன்," என்றார் சிவபாதம். "கம்பத்திலை கை வைச்சால் தம்பியின்ரை பேரும் வழக்கிலை வரும்."

"என்ரை வழக்கிலையும் வரும்," என்றார் மீனலோசனி.

றொபேட் அலவாங்கை நிலத்தில் வைத்தார். "சேர், வேண்டாம். அங்காலை ரெண்டு கோயில்காரர் ஒரு தரிப்பிடத்தின்ரை பேருக்கு அடிபட்டு, கடைசியிலை என்ன நடந்தது? எல்லாத்தையும் அப்பிடியே விட்டிட்டு வந்தம். இண்டைக்கும் பழைய கம்பம்தான், பஸ்ஸும் நிக்குது."

அதன் பிறகு அலுவலகம் ஓர் அறிவுறுத்தல் விடுத்திருந்தது. பெயரிலோ காணியிலோ பிணக்கு இருந்தால், அது தீரும்வரை அந்தத் தரிப்பிடத்தைத் தொடக்கூடாது.

கோபிசங்கர் தொலைபேசியில் மேலதிகாரியை அழைத்தார். நிலைமையைச் சொன்னார். மற்றப் பக்கத்தில் நீண்ட பெருமூச்சு ஒன்று கேட்டது. "விடும், விடும். பழையபடியே இருக்கட்டும்."

"ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தால் சொல்லி அனுப்புங்கோ," என்றார் கோபிசங்கர். "அதுவரைக்கும் ஒண்டும் செய்ய ஏலாது."

"இவவோடை கதைக்கிறதோ? என்ரை சீவனுள்ள வரைக்கும் இல்லை."

"எனக்கும் அப்பிடித்தான்."

வாகனம் பலகைகள் குலுங்கப் புறப்பட்டது. சிறிது நேரத்தில் ஊர்காவற்றுறைப் பேருந்து வந்து, வழக்கம்போல நின்று, ஒருவரை இறக்கிவிட்டுப் போனது.

சிவபாதம் தரிப்பிடத்துச் சீமெந்துக் கட்டின் மேல் மெல்ல அமர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். வீதியில் வேறு எவரும் இல்லை என்று பார்த்துவிட்டு, மீனலோசனி கடந்து வந்து அவருக்குக் கை கொடுத்தார்.

"நாளைக்குக் கிளினிக்குக்கு இதிலையே ஏறலாம். மேசையிலை வைச்ச குளிசை அப்பிடியே கிடக்கு. எழும்புங்கோப்பா, வீட்டை போவம்."