ஞாயிற்றுக்கிழமைப் பொட்டலம்

லூர்துநாதன் வாத்தியாரைக் குழுவிலிருந்து தூக்கிவிடுவது என்று செந்தமிழ்ச்செல்வி முடிவுகட்டிவிட்டாள். குழுவை ஆரம்பித்தவள் அவள். ஆரம்பித்தவளுக்குத் தூக்கவும் உரிமை உண்டுதானே.

அந்த ரெட்டியார்பாளையத்துத் தெருவில் தனியாக இருக்கும் குஞ்சம்மாள், மழையில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது என்றார். அன்றைக்கே செல்வி வாட்ஸ்அப்பில் 'தோள்கொடுப்போம்' என்று குழு திறந்து, ஏழு வீட்டுக்கு ஏழு நாள் என்று சாப்பாட்டு முறை போட்டாள்.

தினமும் ஒரு வீட்டு கேரியர் போகும். போகுமுன் போட்டோ குழுவில் ஏறும். செல்வியின் முறையன்று சாம்பார் தெரிகிறதோ இல்லையோ, அவள் புது வளையல் தெரியும்.

ஞாயிறு வாத்தியார் முறை. தானே வடித்த சோற்றை வாழையிலையில் கட்டி, மேலே பேப்பர் சுற்றி, நூல் போட்டு, ஓட்டல் பார்சல் மாதிரி கொண்டுபோய் நீட்டுவார். போட்டோவும் கிடையாது.

"பாத்திரத்துல குடுத்தா என்ன சார்?" என்று செல்வி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"எங்க வீட்ல பாத்திரம் இல்லம்மா" என்றார், கூசாமல்.

மகள் மெரின் பிரான்சுக்குப் போகும்போது விட்டுப்போன சீர்ப்பாத்திரம் அவர் பரணில் இடம் கொள்ளாமல் கிடப்பது தெருவுக்கே தெரியும். செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாத்திரம் போய்வந்தால்தானே உறவு? குஞ்சம்மாளைப் பாருங்கள். மில்லில் வேலை பார்த்த காலத்திலிருந்தே யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பித் தராதவள். செல்வியின் கேரியர் அதிரசத்தோடு திரும்பும், வெள்ளிக்கிழமை வீட்டுக்குச் சுண்டல். அதற்கும் போட்டோ, கீழே வரிசையாகக் கைதட்டல். 'வெல்லம்தான் கொஞ்சம் தூக்கல்' என்று ஒருமுறை செல்வி அதில் எழுதியும் வைத்தாள். வாத்தியாருக்கு மட்டும் ஒன்றும் வராது. பொட்டலம் கொடுத்தவருக்கு எதில் வரும்?

இந்த வாரம் புது எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு கூடவில்லை. மறுபடியும் கட்டு, மறுபடியும் ஆறு வாரம். இப்படியே போனால் கால் கோணலாகவே நின்றுவிடும் என்று டாக்டர் சத்தம் போட்டாராம்.

இத்தனை பேர் இத்தனை கவனித்தும் ஏன் இப்படி? தெருவே மண்டையைப் பிய்த்துக்கொண்டது. செல்வி கண்டுபிடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைச் சத்துக்குறைவு.

குஞ்சம்மாள் வாயாலேயே ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் வாத்தியாரைத் தூக்குவது சுலபம். திங்கட்கிழமை கேரியரோடு போய், கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள்.

"மனசுல இருக்கறத சொல்லுக்கா. அந்த வாத்தியார் சாப்பாடு எப்பிடி?"

குஞ்சம்மாள் கொஞ்சம் தயங்கினாள்.

"நெசத்த சொன்னா கோவிச்சுக்காத செல்வி. அவுரு குடுக்கற சோறுதான் நிம்மதியா சாப்புடறேன். தின்னுட்டு எலைய போட்டா முடிஞ்சிது. மத்த ஆறு நாளும் பாத்திரம் வந்துடுது. வெறும் பாத்திரமா குடுக்க மனசு வருமா? எழுந்து அடுப்ப பத்த வெக்கறேன்."

செல்வி கேரியரைத் தரையில் வைத்தாள்.

"வாத்தியார் மொத வாரமே சொல்லிட்டாரு, பாத்திரம் குடுத்தா நீ எழுந்திருப்ப, அதனால குடுக்க மாட்டேன்னு. நாந்தான் யார்கிட்டயும் சொல்லாதீங்க, தப்பா நெனப்பாங்கன்னேன்."

செல்வி போவதற்கு எழுந்தாள்.

"இரு" என்று குஞ்சம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு, மாவுக்கட்டுக் காலைத் தரையில் இழுத்தபடி அடுப்படிக்குப் போனாள். "போன வாரத்து கேரியர எடுத்துட்டு போ. அதிரசம் வெச்சிருக்கேன். நீ குரூப்புல போட்டிருந்தியே, அந்த மாதிரி வெல்லம் கம்மியா."