முப்பது கிலோமீட்டர் நிபந்தனை

"மரத்தை விட்டு ஒரு அடிகூட வெளிய வரக் கூடாதுன்னு சொல்லு, சொலோமியா. மேல எதிரியோட ட்ரோன் சுத்துது," என்றார் கேப்டன் ஹோர்தி.

மொழிபெயர்ப்பாளர் சொலோமியா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். நட்பு நாட்டிலிருந்து சோதனைக்கு வந்திருந்த கர்னல் விட்காம், எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு பைனாகுலரைத் தூக்கினார்.

எதிர்ப்பக்கத் தோப்பில், வலைக்கடியில் நாலு பீரங்கிகள். கர்னலின் நாடு கொடுத்தவை. சும்மா கொடுப்பார்களா? ஆற்றுக்கு முப்பது கிலோமீட்டர் தள்ளி இந்தப் பக்கம்தான் நிறுத்தணும், எதிரி கையில் சிக்கிவிடக் கூடாது, ஒன்று இடம் மாறினாலும் அடுத்த மாதக் குண்டு வராது என்று நிபந்தனையும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். மாட்டேன் என்றால் வேறு யார் கொடுக்கப்போகிறார்கள்? இவர்களும் தலையாட்டி வாங்கிக்கொண்டார்கள்.

சொலோமியாவுக்கு வயிறு எரிந்தது. அவள் தம்பி யாரெமாவின் படைப்பிரிவு, நாற்பத்தொரு பேர், மூன்று நாளாக ஆற்றின் அக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தது. பீரங்கி துணையிருந்தால்தான் ஆற்றைக் கடந்து திரும்ப முடியும். இங்கிருந்து சுட்டாலோ அங்கே எட்டாது.

"நாலும் நல்லா வேலை செய்யுதான்னு கேட்கிறார்," என்றாள்.

"செய்யுதுன்னு சொல்லு. ஒரு நாளைக்கு ஆறே ஆறு குண்டு குடுத்தா குழல் என்ன தேய்ஞ்சிடப் போகுது?"

முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தாள். பிறகு அடக்கமாட்டாமல், "இது அவர் கேட்கல, நான் கேட்கிறேன் கேப்டன். நாலையும் இங்க காட்சிக்கு வெச்சுட்டு உங்களால எப்படித் தூங்க முடியுது? அங்க என் தம்பி சாகக் கிடக்கிறான்," என்றாள்.

"நான் தூங்கி மூணு நாளாச்சு." கேப்டன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இப்ப இந்த மனுஷன்கிட்ட கையெழுத்து வாங்கிக் குடு, தங்கச்சி. மத்ததை அப்புறம் திட்டு."

"என்ன சொல்கிறார்?" என்றார் கர்னல்.

"குளிர் ஜாஸ்தின்னு சொல்றார்."

அப்போது ஆற்றுப் பக்கமிருந்து கும்... கும்... என்று சத்தம் வந்தது. கர்னல் தலையைத் திருப்பினார்.

"அது யார் சுடறது?"

"எங்க பழைய சோவியத் பீரங்கி. தாத்தா காலத்துச் சாமான்," என்றார் கேப்டன்.

"தாத்தாவா? குரல் இளசா இருக்கே."

"எங்க ஊர்க் கிழவனுங்க அப்படித்தான் சார்."

கர்னல் சிரிக்கவில்லை. மறுபடி பைனாகுலரை வைத்து நாலு பீரங்கிகளையும் ஒவ்வொன்றாக, மெதுவாக, மாப்பிள்ளை பார்க்க வந்தவர் போலப் பார்த்தார். குழலில் எழுதியிருந்த எண்ணைத் தன் காகிதத்தோடு ஒப்பிட்டார். இந்த மனுஷனுக்கு எண் சரியாக இருந்தால் போதும், ஆள் செத்தால் என்ன என்று சொலோமியா மனசுக்குள் கறுவினாள்.

பதுங்கு அறைக்குள் எலுமிச்சை போட்ட தேநீர் வந்தது. கர்னல் குடிக்காமல் பேனாவை எடுத்து, 'நாலும் அதனதன் இடத்தில் உள்ளன. கண்ணால் கண்டேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். கேப்டன் அதை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"கிளம்புறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் உட்காரணும், எங்க வழக்கம்," என்று சொலோமியா சொல்ல வாயெடுப்பதற்குள் கர்னலே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இந்த நாட்டுக்கு ஏழெட்டுத் தடவை வந்து போனவர். மூவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பயணம் நல்லபடி அமைய அந்த ஒரு நிமிஷம்.

அந்த நிமிஷத்தில்தான் மூலையில் இருந்த ரேடியோ கரகரத்தது.

"நாற்பத்தொரு பேரும் இக்கரை வந்தாச்சு. ஒருத்தனுக்குக் கால்ல அடி, மத்தவங்க முழுசா இருக்காங்க. யாரெமா அவன் அக்காகிட்ட சொல்லச் சொல்றான். பீரங்கிக்காரங்க எங்கப்பா? அவங்க கையில முத்தம் குடுக்கணும்."

சொலோமியா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. கேப்டன் தொப்பியைக் கழற்றி முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"என்ன ஆச்சு?" என்றார் கர்னல்.

"என் தம்பி வந்துட்டான் சார். எல்லாரும் வந்துட்டாங்க."

"சந்தோஷம். ரொம்ப சந்தோஷம்," என்ற கர்னல் ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தார்.

வண்டி தயாராக நின்றது. சொலோமியாவுக்கு இப்போது யார்மேலும் கோபமில்லை. அந்தச் சோவியத் கிழவன்கள் நல்லாயிருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கர்னல் கேப்டனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "இப்ப சொல்றதை ஒரு வார்த்தை விடாம மொழிபெயர்க்கணும்."

அவள் கேட்டாள். தலையாட்டினாள். கேப்டன் பக்கம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தாள்.

"அடுத்த மாசக் குண்டு வந்துடும், கேப்டன். ஆனா அடுத்த தடவை சோதனைக்கு வர்றவருக்கு என்னை மாதிரிக் கண்ணு மங்கலா இருக்காது. அதனால உங்க தச்சர்கிட்ட சொல்லி வைங்க, நிஜப் பீரங்கிச் சக்கரத்துல எட்டு போல்ட் உண்டு, இந்த நாலுலயும் ஆறுதான் இருக்கு."