மெஷின் சொன்ன அளவு

மதுரை ஆஸ்பத்திரியின் ஸ்கேன் குழாய்க்குள் பேச்சித்தாய் கண்களை மூடினாள். மெஷினின் தடதடப்பு, கோவில்பட்டிக் கரிசலில் மழை இறங்குவதுபோல் கேட்டது. நனைந்த பருத்திக்காட்டின் மேல் அவள் மெல்ல மிதந்தாள்.

"மெஷின் சரியா அளக்குதான்னு பாக்க, உங்க முதுகுத்தண்டு நரம்பை மறுபடியும் அளக்கணும்மா," என்றார் டாக்டர்.

"எத்தன தடவைன்னாலும் படுக்குதேன் சார்."

மீண்டும் அதே மழை. எழுந்து வந்தவளைப் பார்த்து டாக்டர் சிரித்தார்.

"நோயில்லாத உங்க தண்டு ரெண்டு தடவையும் ஒரே அளவுதான். மெஷினை நம்பலாம்மா."

"அப்போ எங்க வீட்டுக்காரவிய தண்டு இந்த வருசம் மெலியலைன்னு அது சொன்னது நெசந்தானா?"

"நெசந்தான்."

வெளியே சக்கர நாற்காலியில் காத்திருந்த கணவனிடம் ஓடினாள்.

"ஏட்டி, எதுக்கு அழுத?"

"உங்க நோவு அங்கனயே நின்னுட்டாம்!" என்று அவன் மடியில் முகம் புதைத்தாள்.