நாற்பது தகரம்

"அவரு செத்தாத்தான் நாம அவருக்கு ஓட்டுப் போட முடியும்" என்றார் பாஸ்டர் அஜந்தன்.

புதன்கிழமை ஜெபத்துக்கு வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூரை இருந்த இடத்தில் கட்டியிருந்த நீலப் படங்கு மழையில் தொப்பை போட்டுத் தொங்கியது.

"என்னா பாஸ்டர், ஆள வெட்டச் சொல்றீங்களா?" என்று கேட்டாள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் புஷ்பம்.

"ஐயோ சிஸ்டர்! அவருக்குள்ள இருக்கிற பழைய மனுஷன் சாகணும்னு சொல்றேன். ஆத்துல முங்கி ஞானஸ்நானம் எடுத்தா பழைய ஆளு தண்ணியோட போயிடுவான். புதுசாப் பொறந்த மனுஷன்தான் எழும்பி வருவான். அந்த மனுஷனுக்கு ஓட்டுப் போட்டா என்ன பாவம்?"

அவர் சொன்னது தோட்டத்துச் சங்கத் தலைவர் முத்துவீரனை. பிரதேச சபைத் தேர்தல் கேட்கிறார். காற்றில் கூரை பறந்துபோன இந்த ஜெபசபைக்கு நாற்பது தகரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பதிலுக்குச் சபையின் பத்தொன்பது குடும்பமும் ஓட்டுப் போட வேண்டும்.

தகரம் வேண்டும். ஆனால் ஆள்தான் இடித்தது. காலையிலேயே சாராய வாடை. குடும்பம் தோட்டத்தில் ஒன்று, ஓப்பநாயக்க டவுனில் ஒன்று. போன மண்சரிவுக்கு லயத்து வீடுகளுக்கு வந்த தகரம் இவருடைய வேன் கராஜுக்கு மேல் கிடக்கிறது.

"வேதத்துல எத்தன ராஜாக்க தப்புப் பண்ணியிருக்காங்க, கர்த்தர் பயன்படுத்தலியா?" என்றார் பெக்டரியில் வேலை பார்க்கும் இருளப்பன்.

"தப்புப் பண்ணினாங்கண்ணே. தகரம் திருடினாங்களா?" என்றாள் புஷ்பம்.

"தகரம் அப்ப இல்ல தங்கச்சி. இருந்திருந்தா தெரியும்."

சபையே சிரித்தது. அந்த நேரம் பார்த்துப் படங்கின் தொப்பை உடைந்து ஒரு வாளித் தண்ணீர் கீபோர்ட் மேல் கொட்டியது. இருளப்பன் ஓடிப்போய் அதை உரச் சாக்கால் மூடினார். அதற்கு மேல் புஷ்பம் எதிர்க்கவில்லை.

"சரி, முங்கட்டும். ஆனா வெறும் வாய்ப் பேச்ச நம்ப மாட்டேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்" என்றாள்.

முத்துவீரன் எல்லாவற்றுக்கும் உடனே சம்மதித்தார். வெள்ளிக்கிழமை கடிதம் கொடுத்தார். நாற்பது தகரம், கீழே பெரிய கையெழுத்து, தேதி, சீல். புஷ்பம் அதை நாலாக மடித்து வேதத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை கீழ் டிவிஷன் ஆற்றில் முத்துவீரன் வெள்ளைச் சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். பாஸ்டர் அவருடைய பிடரியில் கை வைத்ததும் திரும்பிப் பார்த்தார்.

"பாஸ்டர், ஒரு சின்ன சந்தேகம். முங்கி எழும்பினா பழசப் பத்தி யாரும் எங்கிட்ட கேக்க மாட்டாங்கதானே?"

"கேக்கவே கூடாது. அவன் செத்துட்டான்."

"செஞ்சது மட்டுமா, சொன்னதுமா?"

"செஞ்சது, சொன்னது, எல்லாமேதான்."

"நீங்க சொல்றீங்க. கரையில நிக்கிறவங்க நாளைக்கு ஓப்பநாயக்க கதையத் தூக்கிட்டு வந்தா?" அவர் குரல் உடைந்தது.

பாஸ்டருக்கே கண் கலங்கிவிட்டது. கரையைப் பார்த்துக் கூப்பிட்டார். "இவரோட பழச இனி யாரும் எடுத்துப் பேசக்கூடாது. வெளங்கிச்சா?"

"ஆமென்!" என்றது கரை. இருளப்பன் குரல்தான் பெரிதாகக் கேட்டது. புஷ்பமும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமென் சொன்னாள்.

தேர்தலில் முத்துவீரன் முப்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். ஒரு வாரம் போனது. ஒரு மாதம் போனது. படங்கில் இன்னும் இரண்டு ஓட்டை விழுந்தது, தகரம் மட்டும் வரவில்லை.

பாஸ்டர், இருளப்பன், புஷ்பம் மூன்று பேரும் பஸ் ஏறிக் கஹவத்தைக்குப் போனார்கள். பிரதேச சபை ஆபீஸ் வாசலிலேயே முத்துவீரன் ஓடி வந்து பாஸ்டரைக் கட்டிப்பிடித்தார்.

"ஸ்தோத்திரம் பாஸ்டர்! வாங்க வாங்க!"

சாராய வாடை இல்லை. மேசை மேல் வேதம் திறந்து கிடந்தது. குடியை விட்டுவிட்டாராம், ஓப்பநாயக்கப் பக்கமே போவதில்லையாம். இருளப்பன் புஷ்பத்தைப் பெருமையாகப் பார்த்தார். 'பாத்தியா, நான் சொல்லல?' என்றது அந்தப் பார்வை.

பிளேன்டீ குடித்து முடித்ததும் புஷ்பம் வேதத்துக்குள் இருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள். "தலைவரே, அந்தத் தகரம்..."

முத்துவீரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். பிறகு தலையை ஆட்டி, யாரோ தெரியாதவர் எழுதிய கடிதம் போல மேசையில் வைத்தார்.

"உங்க கையெழுத்துத்தானே தலைவரே?"

"இதுல தேதி என்னான்னு போட்டிருக்கு, சிஸ்டர்?"

"வெள்ளிக்கிழமை. அதுக்கென்ன?"

முத்துவீரன் நெஞ்சில் கை வைத்தார்.

"நான் பொறந்ததே சனிக்கிழமைதானுங்களே!"