பச்சைக் கண் மீன்

“இது ஒறிஜினல் இல்லை. பிறகு அடிச்ச கொப்பி. ஒண்டுக்கும் உதவாது.”

தேவராசா அண்ணை இப்பிடிச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அந்தப் போஸ்ட் கார்டைத்தான் மனுசன் பதினாலு வருசமாத் தேடித் திரிஞ்சவர்.

அண்ணை டென்மார்க்கிலை, ஹேர்னிங் எண்ட ஊரிலை துணி ஃபக்டரியிலை வேலை செய்து பென்சன் எடுத்தவர். அறுபதுகளிலை றொக் கோஷ்டிகள் கச்சேரிக்கு விளம்பரமா அடிச்ச போஸ்ட் கார்டுகளைச் சேர்க்கிறது அவரின்ரை விசர். எழுத்தெல்லாம் உருகி வழியிற மாதிரி இருக்கும், நிறம் கண்ணைக் குத்தும். எனக்கெண்டால் தலையிடிதான் வரும்.

அதிலையும் ‘ஊதா ஹெரிங்’ எண்டொரு கோஷ்டியிலை அவருக்கு உயிர். அகதியா வந்து, டெனிஷ் ஒரு சொல்லும் தெரியாமல் நிண்ட காலத்திலை, பக்கத்து மெசின்காரன் அவங்கடை கசற்றைத்தான் நாள் முழுக்கப் போடுவானாம். “என்னோடை முதல் கதைச்ச டெனிஷ்காரர் அவங்கள்தான் தம்பி,” எண்டு இப்பவும் கண் கலங்குவார்.

அவங்கள் ரண்டர்ஸ் எண்ட ஊரிலை வைச்ச கச்சேரியின்ரை கார்ட் மட்டும் அவருக்குக் கிடைக்கேல்லை. முதல் அச்சிலை, கார்டிலை கீறியிருக்கிற ஹெரிங் மீனின்ரை கண் பச்சை, திருப்பி அடிச்சதிலை சிவப்பு. கேட்டுக் கேட்டு எனக்கே பாடம்.

இண்டைக்கு நாங்கள் நிக்கிறது அந்தக் கோஷ்டியிலை ட்ரம்ஸ் அடிச்சவரின்ரை வீட்டிலை. ஆள் போன வருசம் செத்துப்போனார். மனிசி கிர்ஸ்டன் முதியோர் இல்லத்துக்குப் போறா எண்டு, மகன் சாமானெல்லாத்தையும் விக்கிறான். அவன் மேசையிலை வைச்ச கார்டிலை மீனின்ரை கண் பச்சை. நானே கண்டன்.

“நல்ல விலை போகும் எண்டெல்லோ கேள்விப்பட்டன்?” மகன் விடேல்லை.

“முப்பது வருசமா இதுதான் என்ரை வேலை. கொப்பிதான்,” எண்டார் அண்ணை, கார்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தபடி.

கிர்ஸ்டன் குனிஞ்ச தலை நிமிராமல் இருந்தா.

“அப்ப குப்பைக்குள்ளை போடுவம்,” எண்டான் மகன்.

எனக்கு விளங்கீட்டுது. குப்பையெண்டு சொல்லிப்போட்டு, ஒரு சதமும் குடாமல் தானே அமத்திக்கொண்டு வரப் போறார். பாத்துக்கொண்டிருக்க மனம் கேக்கேல்லை. எழும்பிப் போய்க் காருக்குள்ளை இருந்திட்டன்.

பத்து நிமிசத்தாலை அண்ணை வந்து ஏறினார். நான் காரை எடுத்து ஊர் எல்லை தாண்டினன். பிறகு என்னாலை அடக்கேலாமல் போச்சு.

“சேர்ச்சிலை பூசைக்கு முன் வாங்கிலை இருக்கிற ஆள் நீங்கள். அந்த மனிசியை ஏமாத்த எப்பிடி அண்ணை மனம் வந்தது?”

“நான் பொய் சொன்னனான்தான்.”

“அது ஒறிஜினல். நானும் கண்டனான்.”

“ஓம். கையிலை எடுத்தவுடனையே எனக்கும் தெரிஞ்சுது.”

“எங்கை, அதைக் காட்டுங்கோ பாப்பம்.”

“என்னட்டை இல்லை, தம்பி. இனி அது எனக்குக் கிடைக்கவும் மாட்டுது.”

நான் காரை ஓரமா நிப்பாட்டினன்.

“நீ பின்பக்கம் பாக்கேல்லை,” எண்டார் அண்ணை. “‘கிர்ஸ்டன், மேடைக்கு முன்னாலை வந்து நில்லு. உன்னைப் பாத்தால்தான் எனக்குத் தாளம் பிசகாது’ எண்டு அந்த ட்ரம்ஸ்கார மனுசன் எழுதி அனுப்பியிருக்கிறார். ஒறிஜினல் எண்டு நான் சொல்லியிருந்தால் மகன் இண்டைக்கே வித்திருப்பான். குப்பையெண்டபடியால்தான், அவ அதை எடுத்து நெஞ்சோடை வைக்க, அவன் பேசாமல் விட்டவன்.”