மருந்துக்கு அடங்காத வட்டங்கள்

"புல்லு வட்டமா காஞ்சிருக்கே மர்டோ, பூஞ்சையா?"

"பூஞ்சையேதான் மிஸஸ் ரென்னி. வாராவாரம் வந்து மருந்தடிக்கணும்."

ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில், கணவனை இழந்த எல்ஸ்பெத் ரென்னியின் வீட்டுப் புல்தரையில் மே மாதம் நடந்த பேச்சு அது. புல்தரை வைத்தியர் மர்டோவுக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை.

இப்போது ஆகஸ்ட். புது வட்டத்தைத் தொட்டார். மண் இன்னும் சுட்டது.

"கெட்டில் வெந்நீர் கால்ல பட்டுடப் போகுது, பாத்து ஊத்துங்க."

எல்ஸ்பெத்தின் முகம் சிவந்தது. "எப்ப கண்டுபிடிச்சே?"

"முதல் நாளே. பூஞ்சைன்னா புல் நுனியில சிவப்பு நூல் தெரியும்."

"அப்போ இத்தனை வாரமா அடிச்ச மருந்து?"

"வெறும் பச்சத்தண்ணி."

"அடப்பாவி! பின்ன எதுக்கு வந்தே?"

மர்டோ தொப்பியைக் கழற்றினார்.

"என்னைக் கட்டிக்கிறியா, எல்ஸ்பெத்?"